ஆறு கோவில் பாந்த்ரா

மும்பையில் மாஹிம் கழியைத் தாண்டியதும் பாந்த்ரா தொடங்கிவிடும். ரயில் பாதைக்கு மேற்கே கடல்வரை உள்ள நிலம் ஏறக்குறைய நாலு சதுர கிலோமீட்டர். அதற்குள் ஆறு கத்தோலிக்கக் கோவில்கள்: புனித அந்திரேயா, புனித பேதுரு, கார்மேல் மாதா, புனித அன்னாள், புனித தெரசா, குன்றின் மேல் மலை மாதா. விடியலில் கிளம்பினால் காலைப் பலகாரத்துக்குள் ஆறையும் நடந்தே பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் சிவன் கோவில்கள் நிற்கிற நெருக்கத்தில் இங்கே மாதாவும் அப்போஸ்தலர்களும் நிற்கிறார்கள்.

சினிமா நட்சத்திரங்களின் பேட்டையாக மட்டும் பாந்த்ராவைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பக்தி மிகுந்த ஊர் போலிருக்கிறது, அதனால்தான் இத்தனை கோவில் என்று தோன்றும். அது பாதி உண்மை. மீதியை விளக்க ஒரு நிலவுடைமை, ஒரு போர், தலைமுறைகளாக இரு தரப்பு ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த ஒரு சாமியார் சண்டை, ஒரு கொள்ளைநோய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடுகிற விஷயம் நிலம். பாந்த்ராவின் பங்கு வாழ்க்கை கோவில் மணியைவிட நெல்வயலையும் கிணற்றையும் தெருமுனையையும் நம்பி வளர்ந்தது. நிலம் கைமாறியபோதெல்லாம் பங்கும் உருமாறியது.

அந்திரேயா கோவிலில் இருந்து தொடங்குவதுதான் முறை. 1534-ல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசை நகரையும் அதைச் சேர்ந்த தீவுகளையும் போர்ச்சுக்கீசியருக்கு எழுதிக் கொடுத்தார். அவற்றில் சால்செட் தீவும் ஒன்று. அதன் தென்கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குதான் பாந்த்ரா. கோலி மீனவர்களும் நெல் விளைவிக்கும் குன்பிகளும் கள்ளிறக்கும் பண்டாரிகளும் வாழ்ந்த கடற்கரை அது. 1575-ல் சேசு சபையினர் அங்கே ஒரு கோவில் கட்டி, கலிலேயாவில் வலை வீசிய அந்திரேயாவின் பெயரை வைத்தார்கள். மீனவர்களுக்கு மீனவர் ஒருவரையே பாதுகாவலராகக் கொடுத்த அந்தத் தேர்வில் கொஞ்சம் சாதுரியமும் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காலக்கட்டம் அன்னியமானதல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கத்தோலிக்கம் தழுவியிருந்தார்கள். அந்திரேயா கோவில் எழுந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1578-ல், அதே சேசு சபையைச் சேர்ந்த அன்றீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது. ஒரே அலை இரண்டு கரைகளையும் தொட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் சாமியார்களுக்குப் பரதவர்களின் சாதித் தலைவரோடு பேசித்தான் காரியம் நடந்தது. பாந்த்ராவில் போர்ச்சுக்கல் அரசு நிலத்தையே சேசு சபையிடம் ஒப்படைத்திருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தவரும் குத்தகை வாங்கியவரும் ஒரே அங்கிக்காரர். பங்குச் சாமியாரே பண்ணையாராகவும் இருந்த அந்த ஏற்பாட்டை இன்றைய பங்கு விழா மலர்கள் அவ்வளவாக விவரிப்பதில்லை.

1618 மே மாதப் புயல் கோவிலின் கூரையைப் பிய்த்தெறிந்தது; திரும்பக் கட்டினார்கள். 1640-ல் தென்முனையில் ஒரு கோட்டை எழுந்தது. குன்றின் மேல் மாதாவுக்குச் சிற்றாலயம், கீழே சேசு சபையின் கல்லூரி, நாலாபுறமும் நெல்வயல், தென்னை, பனை என ஊர் அமைந்தது. 1661-ல் கத்தரீனா இளவரசியின் சீதனமாகப் பம்பாய் இங்கிலாந்து மன்னருக்குப் போனபோதும், கழிக்கு இந்தப் பக்கம் இருந்த பாந்த்ரா போர்ச்சுக்கீசியரிடமே தங்கிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இரண்டு நாடுகள்.

1739-ல் போர்ச்சுக்கீசியர் காலம் முடிந்தது. சிமாஜி அப்பாவின் மராத்தாப் படை சால்செட்டைப் பிடித்து வசைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, பம்பாயிலிருந்த ஆங்கிலேயருக்குத் தங்கள் மாஹிமைப் பற்றிக் கவலை வந்தது. பாந்த்ராவின் கோட்டையும் கல் கட்டடங்களும் மராத்தர் கையில் கிடைத்தால் அங்கிருந்தே மாஹிமைச் சுடலாம். போர்ச்சுக்கீசியருக்கு அவர்கள் கொடுத்த யோசனை, எல்லாவற்றையும் வெடிவைத்துத் தகர்த்துவிடுங்கள் என்பது. கோட்டை போயிற்று, கல்லூரி போயிற்று, குன்றின் மேல் இருந்த மாதா ஆலயமும் போயிற்று. மாதா சொரூபத்தை மாஹிமின் புனித மிக்கேல் கோவிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்திரேயா கோவில் மட்டும் தப்பி நின்றது. அதன் முற்றத்தில் இன்றும் நிற்கும் உயரமான கல் சிலுவை, தகர்க்கப்பட்ட சேசு சபை வளாகத்தில் இருந்து வந்தது. ஒரே கல்லில் செதுக்கி, உடல் முழுக்க ஆணி, ஏணி என்று பாடுகளின் கருவிகளைப் புடைப்பாக நிரப்பியிருக்கிறார்கள்.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் மராத்தர் ஆட்சி. இந்தப் பங்கின் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஐரோப்பியச் சாமியார்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். பண்ணையார் இல்லை, படை இல்லை, மாதாவுக்கு ஆலயம்கூட இல்லை. அரசாங்க ஆதரவுக்காக மட்டும் மதம் மாறியவர்களாக இருந்திருந்தால் அப்போதே கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. கோவாவைச் சேர்ந்த சுதேசிக் குருக்கள் சால்செட்டின் பங்குகளைக் கவனித்துக்கொண்டார்கள். 1760 வாக்கில் இந்தப் பக்கம் பயணம் செய்த பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துபெரோன், தானேயில் ஒரு கோவில் திருவிழா மராத்தர் ஆட்சிக்குள்ளேயே ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களோடு சுதந்திரமாக நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அதே காலத்தில்தான் பாந்த்ராக் குன்றின் மேல் மாதா ஆலயமும் திரும்ப எழுந்தது. சொரூபம் மாஹிமில் இருந்து வீடு திரும்பியது. 1774-ல் ஆங்கிலேயர் சால்செட்டைக் கைப்பற்றியபோது அவர்கள் கண்டது தன் காலில் நிற்கும் ஒரு பங்கை.

பிறகு வந்தது உள்வீட்டுச் சண்டை.

போர்ச்சுக்கல் அரசருக்குக் கீழை நாடுகளின் ஆயர்களை நியமிக்கும் உரிமையைப் போப்பாண்டவர்கள் முன்பே கொடுத்திருந்தார்கள். இதைப் பதுரவாதோ என்பார்கள். போர்ச்சுக்கலின் கை தளர்ந்ததும், உரோமை தன் நேரடிப் பொறுப்பில் ஆட்களை அனுப்பத் தொடங்கியது. அது புரொப்பகாந்தா. பம்பாயில் ஆங்கிலேயர் 1720-லேயே போர்ச்சுக்கீசியப் பிரான்சிஸ்கன்களை வெளியேற்றிவிட்டு இத்தாலியக் கார்மேல் சபையினரை உள்ளே விட்டார்கள். 1794 முதல் பம்பாய்க் கோவில்களே இரு கட்சியாகப் பிரிந்தன. 1838-ல் போப் பதினாறாம் கிரகோரி, மயிலாப்பூர் உட்படப் பல பதுரவாதோ மறைமாவட்டங்களின் அதிகாரத்தைப் பறித்தார். கோவா அதை ஏற்கவில்லை. சாந்தோமிலும் சென்னையின் மற்றப் பங்குகளிலும் இதே சண்டை நடந்தது நம் ஊர்ப் பழைய குடும்பங்களுக்குத் தெரியும்.

இறையியலில் இரு தரப்புக்கும் ஒரு மயிரிழை வேறுபாடு கிடையாது. அதே திருப்பலி, அதே லத்தீன், அதே செபமாலை. யார் சொன்னால் கேட்பது என்பதும், கோவில் சொத்து யார் கையில் என்பதும்தான் வழக்கு. 1853-ல் மாஹிமின் புனித மிக்கேல் கோவிலுக்குள், புரொப்பகாந்தா தரப்பு ஆயரான சுவிட்சர்லாந்துக் கப்புச்சின் துறவி அனஸ்தாசியுஸ் ஹார்ட்மனைப் பங்கு மக்களில் ஒரு பகுதியினர் வளைத்துவைத்து முற்றுகையிட்டார்கள். நாட்கணக்கில் ஆயர் வெளியே வரவில்லை. கடைசியில் அரசாங்கம் தலையிட்டு, கோவிலைப் பதுரவாதோ தரப்புக்கு விட்டுக்கொடுக்க வைத்தது. பங்கு மக்கள் ஆயரை அடைத்துவைத்து வென்ற கதை பாந்த்ராவில் நிச்சயம் ரசித்துப் பேசப்பட்டிருக்கும். கழிக்கு அந்தப் பக்கம்தானே நடந்தது.

அதே 1850-களில் பாந்த்ராவுக்கும் பிளவு வந்தது. அந்திரேயா கோவில் பதுரவாதோவுக்கு, அதாவது கோவாவுக்கு விசுவாசமாக நின்றது. அதே தெருவில், நடந்தே போகும் தொலைவில், புரொப்பகாந்தா தரப்புக்குப் புனித பேதுரு கோவில் எழுந்தது. சேசு சபையினர் மீண்டும் வந்து அதை எடுத்துக்கொண்டார்கள். 1863-ல் அவர்கள் தொடங்கிய அனாதைச் சிறுவர் இல்லம்தான் பின்னாளில் புனித ஸ்தனிஸ்லாஸ் பள்ளியாக வளர்ந்தது. 1886-ல் உரோமையும் போர்ச்சுக்கலும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, சால்செட்டின் பழைய பங்குகள் டாமன் மறைமாவட்டத்துக்குப் போயின. புரொப்பகாந்தாப் பங்குகள் பம்பாய்ப் பேராயரோடு இருந்தன. இடத்தை வைத்து எல்லை வகுக்காமல் ஆளை வைத்து எல்லை வகுத்த விசித்திரம் இது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வெவ்வேறு ஆயரின் மக்களாக இருந்தார்கள். 1850-ல் தொடங்கிய ‘எக்ஸாமினர்’ என்ற பம்பாய்க் கத்தோலிக்க வார இதழுக்கு இந்தச் சண்டை பல ஆண்டுத் தீனி போட்டது.

1928-ல் லிஸ்பனும் உரோமையும் இன்னொரு உடன்பாட்டுக்கு வந்தபோதுதான் இரட்டை ஆட்சி தீர்ந்தது. அதிலும் ஒரு பேரம் இருந்தது: பம்பாய்ப் பேராயர் ஒரு முறை போர்ச்சுக்கீசியர், மறுமுறை ஆங்கிலேயர் என்று மாறி மாறி வர வேண்டும். முதலில் ஜோக்கிம் லிமா, அடுத்து 1937-ல் தாமஸ் ராபர்ட்ஸ். இந்தக் கூத்து போதும், இந்தியர் ஒருவர் வரட்டும் என்று நினைத்த ராபர்ட்ஸ், 1946-ல் நிர்வாகத்தைத் துணை ஆயர் வலேரியன் கிராசியாஸிடம் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கிராசியாஸ் 1950-ல் பேராயரானார். 1953-ல் முதல் இந்தியக் கர்தினால் ஆனார். சண்டை ஓய்ந்த பிறகும் கோவில்கள் அங்கேயே நின்றன. ஓர் ஊருக்கு ஒரு கோவில் போதும் என்ற கணக்கு பாந்த்ராவில் பிசகியதற்கு முதல் காரணம் இது.

பெரியவர்கள் இப்படி அடித்துக்கொண்டிருந்த காலத்தில் பங்கு மக்கள் எங்கே வாழ்ந்தார்கள்? பாக்காடியில். ஒரு பாக்காடி என்பது இருபது முப்பது வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு குடியிருப்பு, சுற்றிலும் வயல். ரன்வார், ஷெர்லி, பாலி, சிம்பாய், மல்லா, கான்ட்வாடி, சுயிம், வரோடா என்று இவற்றின் பெயர்கள் இன்றும் தெருப் பெயர்களாகவும் பேச்சு வழக்கிலும் உயிரோடு இருக்கின்றன. சிம்பாய் மீனவர் குப்பம். ரன்வார் உழவர் குடியிருப்பு. சாய்ந்த ஓட்டுக் கூரை, வெளிப்புறமாக ஏறும் மரப் படிக்கட்டு, முன்னால் திண்ணை போன்ற ஒரு தாழ்வாரம் என்பதே வீட்டின் அமைப்பு. பேச்சு மராத்தியின் ஒரு வட்டார வழக்கு. பெயர்கள் டிசோசா, பெரேரா. பெண்கள் கட்டியது லுக்டா என்ற கட்டம் போட்ட ஒன்பது கஜப் புடவை.

1887-ல் இந்த மக்கள் தங்களுக்கு ஒரு புதுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை அரசாங்கக் காகிதங்களில் அவர்கள் ‘போர்ச்சுக்கீசியக் கிறிஸ்தவர்’. ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர் வேலை பெருகிய காலம் அது. கோவாவில் இருந்தும் மங்களூரில் இருந்தும் வந்த கத்தோலிக்கர்களும் அதே வேலைகளுக்கு வரிசையில் நின்றார்கள். கோவாக்காரர் உண்மையிலேயே போர்ச்சுக்கீசியக் குடிமக்கள். நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள், பிரிட்டிஷ் ராஜ்யத்தின் பிரஜைகள் என்று காட்டிக்கொள்ள வேண்டிய தேவை சால்செட் மக்களுக்கு வந்தது. விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் சங்கம் ஒன்றை அமைத்து, ‘கிழக்கிந்தியர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையே இடுப்பில் கட்டிக்கொண்ட அந்த ராஜ விசுவாசம் இன்று சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. மும்பையின் பூர்வகுடிக் கத்தோலிக்கர் என்றால் இன்றும் கிழக்கிந்தியர்தான்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து பிளேக் வந்தது. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்விப் பகுதியில் இந்நோயை முதலில் அடையாளம் கண்டவர் கோவாவைச் சேர்ந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ். நகரமே காலி செய்துகொண்டு ஓடியது. ஓடியவர்களில் பலர் கழியைக் கடந்து புறநகருக்கு வந்தார்கள்; நோயும் கூடவே வந்தது. சோதனைப் படைகள் வீடு புகுந்து நோயாளிகளை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போயின. அந்த அத்துமீறல் புனேயில் 1897-ல் ராண்ட் என்ற அதிகாரியின் கொலையில் முடிந்தது பாடப்புத்தகத்தில் வருகிற கதை. பாந்த்ராவின் பாக்காடிகளில் எதிர்வினை வேறு மாதிரி இருந்தது. தெருமுனையில் சிலுவை நட்டார்கள்.

இன்று பாந்த்ராவில் சந்துக்குச் சந்து நிற்கும் சிலுவைகளில் கணிசமானவை அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. சில தனிக் குடும்பங்கள் நட்டவை, சில பாக்காடி முழுக்கச் சேர்ந்து நட்டவை. பீடத்தில் பெயரும் வருடமும் பொறித்திருப்பார்கள். சிலுவை நிற்கும் தெருவுக்குள் நோய் நுழையாது என்ற நம்பிக்கை ஒரு பக்கம். கூட்டம் கூடினால் நோய் தொற்றும் என்ற பயத்தில் கோவிலுக்குப் போகாமல் வாசலிலேயே செபமாலை சொல்ல ஓர் இடம் வேண்டும் என்ற தேவை இன்னொரு பக்கம். மாரியம்மனுக்கு எல்லையில் கூழ் ஊற்றிய நம் கிராமங்கள் இதைப் புரிந்துகொள்ளும். பிளேக் போய்விட்டது, சிலுவையடி வழிபாடு போகவில்லை. மே மாதத்தில், குறிப்பாக மே 3 சிலுவைத் திருநாளை ஒட்டி, வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, சரவிளக்குத் தொங்கவிடுவார்கள். மாலையில் நாற்காலிகள் தெருவுக்கு வரும். செபமாலை, மன்றாட்டு மாலை, ஒரு பாட்டு. முடிந்ததும் அவித்த கடலை. கடலை வாங்காமல் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போனதில்லை. பாதிப் பிள்ளைகள் வருவதே அதற்குத்தான்.

இந்த வழிபாட்டுக்குச் சாமியார் வேண்டாம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்திரேயாவா, பேதுருவா என்ற கட்சிப் பிரச்சினையும் சிலுவையடியில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாலும் புதன் சாயங்காலம் தெருச் சிலுவை பொதுதான். இரட்டை ஆட்சிக் காலத்தில் ஊர் இரண்டாக உடைந்துவிடாமல் இருந்ததற்குப் பாக்காடிதான் காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வயலோடு ஒட்டிய சடங்குகளும் அப்படித்தான். அக்டோபரின் முதல் ஞாயிறு ஆகேரா, அதாவது புதிர்த் திருவிழா. முதல் கதிரைக் கட்டிக் கோவிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி, வீட்டில் மாட்டுவார்கள். பாந்த்ராவில் நெல் விளைந்து பல பத்தாண்டுகள் ஆயிற்று. ஆகேரா மட்டும் நடக்கிறது. கல்யாணத்துக்கு முன் தினம் பேண்டு வாத்தியத்தோடு கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் சேந்தி வந்து மணமக்களை நீராட்டும் ‘உம்பராச்சா பாணி’யும் நடக்கிறது. கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட சாமான்களை வறுத்து இடித்து, பழுப்பு நிறப் பீர் பாட்டிலில் திணித்து மூடி வைக்கும் ‘பாட்டில் மசாலா’வைப் பற்றி ஒரு கிழக்கிந்தியக் குடும்பத்தில் பேச்செடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே உட்கார வேண்டியதாகிவிடும். எந்த வீட்டுக் கலவை சரி என்பதில் பதுரவாதோ சண்டையைவிட உக்கிரமான கட்சிகள் உண்டு.

மலை மாதாவின் கதை தனி. உள்ளூரில் அவள் மோத் மாவுலி. 1700 வாக்கில் அரபுக் கொள்ளையர் சொரூபத்தின் வலக்கையை வெட்டினார்கள் என்றும், கோலி மீனவர் ஒருவர் கனவு கண்டு கடலில் ஒரு மாதா சொரூபத்தைக் கண்டெடுத்தார் என்றும் மரபு சொல்கிறது. இப்போது நிற்கும் ஆலயம் 1904-ல் முடிந்தது. அதை வடிவமைத்த ஷாபூர்ஜி சந்தாபாய் ஒரு பார்சி. குன்றுக்கு ஏறும் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்த பொமன்ஜி ஜீஜீபாயும் பார்சி. கத்தோலிக்க மாதாவுக்கு நெருப்பைப் புனிதமாகக் கருதுகிறவர்கள் படி கட்டியிருக்கிறார்கள், பம்பாய் ஒரு காலத்தில் அப்படி ஓர் ஊர். 1954-ல் உரோமை இதைச் சிறு பசிலிக்காவாக உயர்த்தியது.

செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதை அடுத்து வரும் ஞாயிறன்று தொடங்கி எட்டு நாள் நடப்பது பாந்த்ரா மேளா. வேளாங்கண்ணியில் கொடி இறங்கிய கையோடு இங்கே கடை விரிக்கிறார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் எல்லோரும் வருவார்கள். கழிக்கு அந்தப் பக்கம் தாராவியில் வாழும் தமிழர்களை ஏறுபடி நெடுகப் பார்க்கலாம். வேளாங்கண்ணியில் வெள்ளி உரு செலுத்துவதுபோல இங்கே மெழுகு உரு. கால் வலிக்கு மெழுகுக் கால், பிள்ளை வரத்துக்கு மெழுகுக் குழந்தை, வாடகை வீட்டுக்காரர்களுக்கு மெழுகு வீடு, ஆசை பெரிதானால் மெழுகுக் கார். பாந்த்ராவில் ஒரு வீட்டுக்கு வேண்டுதல் வைப்பவர்களின் நம்பிக்கையை மெச்சத்தான் வேண்டும்.

வீடு என்றதும் நிலத்துக்குத் திரும்பியாக வேண்டும். 1845 வரை பாந்த்ராவுக்குப் படகுதான். கழியில் படகுகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஆனதைப் பார்த்து, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து மாஹிம் தரைப்பாலத்தைக் கட்டவைத்தார். சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1867-ல் விராரில் இருந்து பம்பாய்க்கு முதல் புறநகர் ரயில் ஓடியது. 1876-ல் பாந்த்ராவுக்குத் தனி நகராட்சி வந்தது. பிளேக் ஓட்டம் முடிந்தபோது, காற்றோட்டமான புறநகரில் வீடு கட்டுவது நடுத்தர வர்க்கத்தின் கனவாகிவிட்டிருந்தது.

1915-ல் பம்பாயில் சாரஸ்வத் பிராமணர்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தொடங்கினார்கள். அதைப் பார்த்து 1918-ல் உருவானது சால்செட் கத்தோலிக்கக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். வயல்களை வாங்கி மனை பிரித்து, நேர் கோடாகத் தெரு போட்டு, உறுப்பினர்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தது. பாக்காடியின் கோணல் சந்துகளுக்கு நடுவே தோட்டமும் வராந்தாவும் வைத்த பங்களாக்கள் எழுந்தன. வயலை விற்ற உழவர் கத்தோலிக்கர், மனையை வாங்கிய எழுத்தரும் வக்கீலும் கத்தோலிக்கர். கோவாவில் இருந்தும் மங்களூரில் இருந்தும் வந்தவர்கள் குடியேறக் குடியேறப் பங்குகள் பெருத்தன. ஊரில் இத்தனை கோவில்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பியதற்கு இந்த மனைப் பிரிப்புதான் இரண்டாவது காரணம். அந்த வளர்ச்சியில் நெல் உழவர்களின் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே சிறுபான்மை ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பங்கு மேடையில் ஆங்கிலம் ஏறியது; மராத்தி பின்வரிசைக்குப் போனது. 1964-ல் நற்கருணை மாநாட்டுக்குப் போப் ஆறாம் பவுல் பம்பாய்க்கு வந்த நாட்களில் லத்தீன் திருப்பலியும் விடைபெறத் தொடங்கியிருந்தது. அதன் இடத்தைப் பிடித்ததும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். கொங்கணிக்கும் மராத்திக்கும் ஒரு வேளை ஒதுக்கினார்கள்.

1950-ல் பாந்த்ரா பம்பாய் மாநகராட்சியோடு இணைந்தது. அடுத்து நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பங்களாவுக்கு வாரிசுகள் ஏழு பேர், ஒருவர் கனடாவில், ஒருவர் வளைகுடாவில். பில்டர் காசோலையோடு வாசலில் நிற்கிறார். ஆளுக்கு ஒரு ஃப்ளாட் என்று முடிகிறது பேச்சு. ஃப்ளாட்டையும் விற்றுவிட்டுப் பலர் போரிவ்லிக்கும் வசைக்கும் நகர்ந்தார்கள். 1980-களில் பம்பாய் உயர்மறைமாவட்டம் நம் ஊர் அன்பியம் போன்ற சிறு கிறிஸ்தவக் குழுக்களை அமைத்தது. பல இடங்களில் அது அறிமுகம் இல்லாத அடுக்குமாடிக்காரர்களை ஒன்றுசேர்க்கும் முயற்சி. ரன்வாரிலும் சிம்பாயிலும் அதைப் பிளேக் காலத்திலேயே சிலுவையடியில் செய்து முடித்திருந்தார்கள்.

அந்தச் சிலுவைகளுக்குச் சோதனை இப்போது சட்டத்தின் வழியாக வருகிறது. பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டுக் கட்டுமானங்கள் கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுங்கள் என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் சொந்த நிலத்தின் ஓரத்தில் நட்ட சிலுவை, சாலை அகலமானபோது நடைபாதைக்கு வந்துவிட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஆக்கிரமிப்பு. மும்பையின் தெருச் சிலுவைகளுக்கு நோட்டீஸ் ஒட்டப்பட்டபோது, வயதை நிரூபிக்கும் பொறுப்பு தெருக்காரர்கள் தலையில் விழுந்தது. பீடத்தில் வருடம் பொறித்திருந்தவர்கள் தப்பித்தார்கள். டைல்ஸ் ஒட்டிப் புதுப்பித்து, பழைய எழுத்தை மறைத்துவிட்டவர்கள் தாத்தாவின் கல்யாணப் புகைப்படத்தில் பின்னணியில் சிலுவை தெரிகிறதா என்று ஆல்பம் தேட வேண்டியிருந்தது.

ராயபுரம், பரங்கிமலை, பெரம்பூர் என்று சென்னையின் பழைய பங்குகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் தெருவில் பழைய கெபியோ கல் சிலுவையோ இருந்தால், அடுத்த திருவிழாவுக்கு மேலே டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கல்லில் இருப்பதை ஒரு படம் எடுத்து, யார் நட்டது, எந்த ஆண்டு என்று எழுதி, பங்கு அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.